ஒரே வரியில் ஒரு கடிதம்

மூன்று வாரமாக எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். கடைக்காரனைப் பார்த்தால் எரிச்சல். பஸ் கண்டக்டரைப் பார்த்தால் எரிச்சல். மாதா கோயில் பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டிய பக்கத்து பெஞ்சுக்காரர்மேல்கூட எரிச்சல்! காரணம் — ஒரு பிரிண்டர்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி ரோஸ்லின், ஷென்டன் வேயில் ஒரு சரக்குக் கம்பெனியில் பதினோரு வருடமாக டைப்பிஸ்ட். போன மாதம் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாராம்: டைப்ரைட்டர்கள் போகின்றன, கம்ப்யூட்டர் வருகிறது. எட்டு டைப்பிஸ்டுகளில் நாலு பேர் போதும். யார் அந்த நாலு பேர் என்பதற்கு ஒரு டெஸ்ட். மூன்று வாரம் டைம். சொல்லிக் கொடுக்க ஆள்? அதெல்லாம் அவரவர் பாடு. பதினோரு வருடம் விரல் தேய அடித்தவளுக்கு இதுதான் மரியாதை... என்ன கம்பெனி ஐயா இது?

"வீட்டுல ஒண்ணு இருந்தா பழகிக்கலாங்க" என்றாள்.

வாங்கினேன். ரோச்சோர் பக்கம், மாடிக்கு மாடி எலெக்ட்ரானிக் கடைகள் அடைந்து கிடக்கும் கட்டடம். மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் — தைவானிலிருந்து வந்தது, கம்பெனி பெயர்கூட இல்லாதது. ஐந்தாவது மாடியில் பிரிண்டர். எங்கள் ஃபேரர் பார்க் ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசையைக் காலி செய்து இரண்டையும் வைத்தோம். குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தை டிஸ்க் டிஸ்க்காகப் போட்டு ஏற்றவே ஒரு சாயந்திரம் போனது. ஏறியது. தட்டினால் திரையில் எழுத்து விழுந்தது. ரோஸ்லின் கை தட்டினாள். சரி, ஒரு கடிதத்தை அடித்து எடுத்துப் பார்ப்போம் என்று பிரிண்ட் கொடுத்தேன்.

கர்... கர்... கர்...

காகிதம் நகரவே இல்லை. முதல் வரி விழுந்தது. அதன் மேலேயே இரண்டாவது வரி. அதன் மேலேயே மூன்றாவது... இருபது வரிக் கடிதமும் ஒரே வரியில்! கடைசியில் என் கையில் இருந்தது காகிதத்தின் குறுக்கே ஒரு தடித்த கறுப்புக் கோடு.

மானுவலைப் புரட்டினேன். யாரோ ஒரு புண்ணியவான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதிய இங்கிலீஷ். "இந்த வசதியை மகிழ்ச்சியோடு அனுபவிக்கவும்" என்று பக்கத்துக்குப் பக்கம் உபசாரம் வேறு. எதை அனுபவிப்பது? என் தலையெழுத்தையா?

மூன்றாவது மாடிக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் ஓகே லா. பிரிண்டர் ப்ராப்ளம் லா."

ஐந்தாவது மாடி. "பிரிண்டர் நோ ப்ராப்ளம். யுவர் கம்ப்யூட்டர் சீப் வன், தட்ஸ் வொய்."

"ரெண்டு மாடி இறங்கி வந்து இதை அவரிடமே சொல்லுங்களேன்" என்றேன். அவர் பிஸியாம். கடையில் என்னைத் தவிர ஒரு ஈ, காக்காய் இல்லை!

அன்று பிடித்தது எனக்கு வெறி. கேபிளை மாற்றினேன். சிஸ்டத்தை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், நாலு தடவை. பிரிண்டரை என் ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு போய் லஞ்ச் நேரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் ஆளுக்கு ஒரு யோசனை. மெஷினையே வாழ்க்கையில் பார்த்திராத ஒருவர், "கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாரு லா" என்றார். அவரை நான் ஒன்றும் செய்யவில்லை. கோயில் வாசல் அல்லவா!

இடையிடையே ரோஸ்லின் வந்து நிற்பாள். "நான் கொஞ்சம் உக்காந்து பாக்கட்டா?"

"இரும்மா. இன்னும் ரெடியாகல."

இரண்டு நாள் கழித்து மறுபடி. "இப்பவாச்சும்?"

"கை வைக்காதே, பாதியில நிக்குது. எல்லாம் முடிச்சுக் குடுக்கிறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை, அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு சின்னக் கடை. கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். பிரிண்டரைத் திருப்பினாள், பின்னால் ஒரு சின்ன மூடியைத் திறந்தாள், பால்பாயிண்ட் பேனா முனையால் அரிசி அளவு ஸ்விட்ச் ஒன்றைத் தள்ளினாள். "ஒரு வரி முடிஞ்சா பேப்பரை நகர்த்தச் சொல்ற ஸ்விட்ச், அங்கிள். ஆஃப்ல இருந்துச்சு."

அவ்வளவுதான்! இரண்டு விநாடி! இதைச் சொல்ல அந்த இரண்டு மாடிக்காரர்களுக்கும் வாய் வரவில்லை!

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, ஜெயித்துவிட்டு வருகிறவன் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன். "ரோஸி! வா, உக்காரு! ரெடி!"

உட்கார்ந்தாள். விரல்கள் பறந்தன. ஒவ்வொரு வரி முடியும்போதும் டைப்ரைட்டர் பழக்கத்தில் இடது கை மேலே போய், அங்கே இல்லாத, வரி மாற்றும் பிடியைத் தேடிவிட்டு இறங்கியது. அரை மணி நேரம் இருந்திருப்பாள். பிறகு சோறு வைக்க வேண்டும், பிள்ளைகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட வேண்டும். எழுந்துவிட்டாள்.

மறுநாள் டெஸ்ட்.

சாயந்திரம் வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எல்லாருக்கும் முந்தி அடிச்சு முடிச்சேங்க. அப்புறம் சேவ் பண்ணச் சொன்னாங்க. எதை அமுக்கணும்னு தெரியல. ஏதோ ஒண்ணை அமுக்கினேன்... எல்லாம் போயிடுச்சு. வேலை இந்த மாசத்தோட சரி."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன், கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். மேனேஜரை, கம்பெனியை, மானுவல் எழுதியவனை, ஒருவரையும் விடவில்லை. "அந்த ரெண்டு கடைக்காரனுங்களையும் சும்மா விடமாட்டேன்! மூணு வாரத்தையும் முழுங்கிட்டானுங்க!"

அவள் கத்தவில்லை. நான் ஓய்ந்ததும் கேட்டாள்:

"போன புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன், தெரியுமா?"

தெரியாது.

"யாரும் இல்லாதப்போ பழகலாம்னு வந்தேன். பூட்டியிருந்துச்சு."

இந்த மெஷினின் முன்பக்கம் ஒரு பூட்டு உண்டு. சாவியைத் திருப்பினால் கீபோர்டு செத்துவிடும். பிள்ளைகள் நோண்டிவிடக் கூடாதே என்று தினமும் காலையில் பூட்டிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனவன் நான்தான்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" என்றேன். குரல் இறங்கியிருந்தது.

"பண்ணினேன். பிரிண்டரைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கார்னு உங்க ஆபீசுல சொன்னாங்க."

கோபத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அடுத்தவன் செய்ததை எண்ணிக்கொண்டே இருக்கலாம். நாம் செய்ததை எண்ண நேரமே வராது. எனக்கு மூன்று வாரம் வரவில்லை. அப்போதும் விடவில்லை நான். "பிரிண்டர் வேலை செய்யாம நீ எப்படிப் பழகியிருப்பே? அதைத்தானே நான் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்!"

ரோஸ்லின் கைப்பையை மேசையில் வைத்தாள்.

"டெஸ்ட்ல பிரிண்டரே இல்லீங்க."