மூன்று ஏழுகள்

தனக்குத் தெரியாத கணினிக் கட்டளையே கிடையாது என்பது எங்கள் மாமாவின் அபிப்பிராயம். சென்னையில் வேலை. விடுமுறைக்குப் பாபநாசம் வந்தால், கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் அம்மாவின் கணினியை ஒரு கை பார்க்காமல் திரும்ப மாட்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கணினியில் ஆல்ப வேலைக்குப் பொதுவாக ஒரு கணக்கு, அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு. அன்று புகைப்படக்காரர் ஏற்றிவிட்டுப் போன கல்யாணப் படங்கள் பொதுக் கணக்கில் திறக்கவில்லை. 'பர்மிஷன் டினைடு' என்றே வந்தது. சாயங்காலத்துக்குள் ஆல்பத்தை முடிக்கவேண்டுமே என்று அம்மா தவித்தாள்.

"அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் குடுடா. யாருக்கு என்ன உரிமை இருக்குன்னு மொதல்ல பாத்துக்க" என்று தம்பியிடம் சொல்லி, கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்துவிட்டு காபி போடப் போனாள்.

"ஒவ்வொரு மடையா எதுக்குப் பாப்பா தொறக்கணும்? தலைமதகையே தூக்கிடுவோம்" என்றார் மாமா. கட்டளையில், எல்லாருக்கும் எல்லா உரிமையும் தருகிற மூன்று ஏழுகளைத் தட்டினார். ஃபோல்டரின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் சாய்கோடு ஒன்றைப் போட்டார்; அப்படிப் போட்டால் முழுக் கணினியும் என்று அர்த்தம். இனி அந்தக் கணினியில் உள்ள எதையும் யாரும் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். என்ன இருந்தாலும் மாமா வயல்காட்டுப் பிள்ளை.

கல்யாணப் படங்கள் திறந்தன. கூடவே, அதுவரை பூட்டிக் கிடந்த, அம்மா பெயரில் இருந்த ஃபோல்டரும் மாமா தட்டியதும் திறந்தது. அதிலும் கல்யாணப் படங்கள்தான். அம்மாவின் கல்யாணம். ஆனால் அப்பா எதிலும் இல்லை.

மாலை மாற்றும் படத்தில் அம்மா வெறும் காற்றுக்கு மாலையை நீட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் கழுத்தருகே தாலி இருந்தது, கட்டுகிற கை இல்லை. அப்பா நின்ற இடங்களை வாழைமரமும் பந்தல் துணியும் தடமே தெரியாமல் நிரப்பியிருந்தன. காலையில்தான் துபாயிலிருந்து பேசினார், அதற்குள் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பயந்தேன்.

மாமா ஒவ்வொரு படமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவை மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்து, வேண்டாம் என்ற அம்மாவைப் பேசிப் பேசி மணையில் உட்கார வைத்தவரே அவர்தான். இந்தக் கதையை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

காபியோடு வந்த அம்மா திரையைப் பார்த்தாள்.

"மூடுடா."

மாமா பதறிக்கொண்டு பழையபடி பூட்டப் பார்த்தார். முடியவில்லை. எல்லாவற்றையும் திறந்துவிட்டதில், கட்டளைக்கு அதிகாரம் தருகிற நிரலே தன் அதிகாரத்தை இழந்திருந்தது. கடைசியில் அம்மாவே சுவிட்சை அணைத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றார் மாமா.

"இன்னைக்கா பண்ணுன?" என்றாள் அம்மா.

இருவரும் கணினியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். ஃபார்மட் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னேன்.