காயே இல்லை என்று சொன்ன இயந்திரம்

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறையைத் தேடி மற்றவர்கள் வருவது இரண்டு காரணங்களுக்காகத்தான். விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட ஆள் வேண்டும், அல்லது சிறப்பு விருந்தினரைப் புகழ நாலு வரி வேண்டும். பதினெட்டு வருடமாக இந்த இரண்டையும் செய்துவந்தேன். அதனால் கணினித்துறைப் பேராசிரியர் ஒரு நாள் தன் கையால் டீ வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தபோது, எந்த விருந்தினர் வருகிறார் என்றுதான் கேட்டேன்.

விருந்தினர் இல்லை, நிதி என்றார். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கு ஓர் அமைப்பு பணம் தருகிறதாம். ஆனால் திட்டத் தலைவர் மொழி, வரலாறு, தத்துவம் மாதிரியான துறைக்காரராக இருக்க வேண்டும். இயந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் சொல்ல, கணினிக்காரர்கள் கேட்டுச் செய்து தர வேண்டும். அறிவிப்பை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கையெழுத்துப் போட ஒரு வாரம் யோசிக்க வேண்டும் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. டீ வந்துகொண்டிருக்கட்டும் என்றுதான்.

போடியில் உட்கார்ந்துகொண்டு ஏலக்காயை விட்டால் வேறு எதைப் பற்றி எழுதுவது? மலைச்சரிவில் விளைச்சல் எப்படி என்று போனில் கேட்டால் பேச்சிலேயே பதில் சொல்லும் ஓர் இயந்திரம் செய்வதாக விண்ணப்பித்தோம். தோட்டக்காரர்கள் வாயால் சொல்வதைக் கேட்டே அது கற்றுக்கொள்ளும். 'மனிதரை அறிய அவர்கள் சொல்லே போதும்' என்று நானே ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்காகத்தான் முதல் கட்ட நிதி கிடைத்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் இரண்டாம் கட்டம், இல்லையென்றால் நான் பழையபடி வாழ்த்துப் பாடப் போக வேண்டியதுதான்.

வருடம் முழுக்க ஜீப்பில் போடிமெட்டு ஏறி இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் கணினித்துறை நண்பர் வாந்தி எடுத்தார், நான் ஒலிப்பதிவு எடுத்தேன். முதலில் பேசியவர் என் மனைவியின் அண்ணன். மச்சானுக்கு வீடு ராசிங்காபுரத்தில், ஏலத்தோட்டம் மெட்டுக்கு மேலே. அவர் சொல்லச் சொல்ல எங்கள் கருவி பதிந்துகொண்டது. பிறகு அவர் கைகாட்டிய ஒவ்வொருவரிடமும் போனோம்.

பார்வையாளர் வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன் இயந்திரம் தயாரானது. காய் எப்படி இருக்கிறது என்று நண்பர் கேட்டார்.

"என்னத்தச் சொல்ல. காயே இல்ல. மழ கெடுத்துருச்சு."

எந்தச் சரிவைக் கேட்டாலும் இதே கதை. சும்மா பேச்சுக் கொடுக்கலாம் என்று இன்று என்ன கிழமை என்று கேட்டேன். "எந்தக் கெழமையா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்றது.

நண்பர் சென்னையில் அடுக்குமாடியில் வளர்ந்தவர். கண் கலங்கிவிட்டார். மலை முழுக்க இப்படி அழிந்து கிடக்க நாம் ஏசி அறையில் இருக்கிறோமே, நிவாரணம் கேட்டு உடனே கலெக்டருக்கு எழுதுவோம் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

எங்கள் பக்கத்தில் எவனாவது விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்வானா? சொன்னால் கண் பட்டுவிடும். வியாபாரி விலையை இறக்குவான். தூரத்துச் சொந்தம் கைமாற்றுக்கு வந்து நிற்கும். என் அப்பா களம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தவர். இதெல்லாம் தெரிந்த நான்தான் மச்சானிடம் போய், "மொத்தமும் போச்சு மாப்ளே" என்று அவர் சொன்னதைப் பயபக்தியோடு பதிவுசெய்தேன். அன்று இலையில் ஆட்டுக்கறி விழுந்தது, வாசலில் புது ஜீப் நின்றது. சொல்லைப் பதிந்தேன், கறியைப் பதியவில்லை. இவ்வளவு பெரிய முட்டாளுக்குத் திட்டத் தலைவர் என்று பெயர்.

பார்வையாளராக வந்தவர் ஒரு தத்துவப் பேராசிரியை. இயந்திரம் அவர் முன்னாலும் வஞ்சனை இல்லாமல் அழுதது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

செடிக்கடியில் சரம் சரமாகக் காய் தொங்க, அதன் நடுவில் நின்றுகொண்டு மச்சான் அவரிடமும் காயே இல்லை என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அடுத்த தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்தார். அவரையும் அம்மையார் கேட்டார்.

"கொழப்பமில்லம்மா. நல்லாருக்கு" என்றார் அவர்.

திரும்பும்போது மச்சான் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத்தான் மாப்ளே நெசமாவே போச்சு. அழுகல் நோய். பாதிச் செடி நிக்கல. வாய் தொறந்து சொல்ல மாட்டாரு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் பேச்சும் எங்கள் பதிவில் இருக்கிறது. மலையிலேயே ஒருவர்தான் நன்றாக இருக்கிறது என்றார் என்று, அவரை நாங்கள் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தோம். நிவாரணம் வந்திருந்தால் புது ஜீப்புக்கு வந்திருக்கும், அவருக்கு வந்திருக்காது. வெட்கமாக இருந்தது.

ஜீப் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தன் தோட்டத்தைப் பற்றி எவனும் உண்மை சொல்ல மாட்டான், பக்கத்துத் தோட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உன் காய் எப்படி என்று இயந்திரம் கேட்கவே கூடாது, அடுத்த வேலி எப்படி என்று கேட்க வேண்டும். உளறுகிறேனோ என்ற பயத்தோடு இதை அம்மையாரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ரயில் நிலையத்தில் விடைபெறும்போது, மொத்தத்தில் திட்டம் எப்படிப் போனது, உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று கேட்டார். ஒரு வருட உழைப்பு, இரண்டாம் கட்டம், என் மானம் எல்லாம் அந்தப் பதிலில் இருந்தது.

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லீங்கம்மா. ஏதோ ஓடுச்சு" என்றேன்.

நண்பர் என் காலை மிதித்தார். அம்மையார் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு ரயில் ஏறினார். அதன் பிறகு இரண்டு மாதம் நண்பர் எனக்கு டீ வாங்கித் தரவில்லை.

கடிதம் வந்தபோது அவர்தான் பிரித்துப் படித்தார். இரண்டாம் கட்ட நிதி முழுதாக வந்திருந்தது. பார்வையாளர் குறிப்பில் மூன்று வரிதான். முதல் கேள்வி அடுத்த வேலியைப் பற்றி இருக்கட்டும். நன்றாக இருக்கிறது என்று சொன்னவரை முதலில் போய்ப் பாருங்கள். திட்டம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று அதன் தலைவரே சொன்னதால், மிகச் சிறப்பாக நடந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் மச்சான் போன் செய்தார். பணம் வந்ததா என்று கேட்டார்.

"எங்க மச்சான். ஏதோ கொஞ்சம்" என்றேன்.

அவர் போனைக் கையில் வைத்தபடியே வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுப்பது கேட்டது. "மாப்ளைக்குப் பணம் வந்துருச்சாம். வெரசா கறிக்குச் சொல்லி விடு."