தூண் எல்லாருக்கும் பொது

போன ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில் என் பிறந்த வீட்டில் வைத்து, ஒரு பத்து வயதுச் சீனப் பெண் என்னைப் பார்த்து அழுகுணி ஆட்டம் ஆடுவதாகச் சொல்லிவிட்டாள்!

மூன்று பிள்ளை பெற்றவள், இந்த உடம்பை வைத்துக்கொண்டு விளையாடியதே அதிசயம். அதில் இந்தக் கெட்ட பெயர் வேறு. ஆனால் அவள் சொன்னது நியாயம். எவ்வளவு பெரிய நியாயம் என்று புரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அண்ணன் சொக்கலிங்கத்தை உங்களுக்கு இந்தப் பக்கத்தில் முன்பே அறிமுகம் செய்திருக்கிறேன். எங்கே போனாலும் குடையை மறந்துவிட்டுப் போகிறவர் — அவரேதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதிலேயே மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஈப்போவில், எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கித் தொழில் பார்க்கும் கிட்டங்கியில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லீவு.

அப்படி வந்த ஒரு லீவில் — அறுபதோ, அறுபத்தொன்றோ — பெட்டியைத் திறந்தார். டார்ச் லைட் வரும், சென்ட் பாட்டில் வரும் என்று நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வந்தது என்ன? இரண்டு ஷட்டில் பேட், ஒரு டப்பா நிறைய இறகுப் பந்து. ஆத்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"கோழி றெக்கையக் கொண்டாறதுக்காப்பா இம்புட்டுத் தூரம் கப்பல்ல போனே?"

ஆத்தா சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மறுநாளே வளவில் ஆட்டம் தொடங்கிவிட்டது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள் — அதுதான் வளவு. கொடிக்கயிற்றில் ஆத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையைப் போட்டோம். நெட் தயார்!

எங்கள் வீட்டில் நாலு பங்காளிகள். ஆளுக்கு இரண்டு அறை சொந்தம். முகப்பு, வளவு, தூண்கள் எல்லாம் பொது. தூணில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் நாலு பேரும் தலையாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சாயத்துத்தான்.

ஒரு நாள் அண்ணன் அடித்த ஷட்டில் தூணில் பட்டு, திரும்பி, என் பக்கம் பொத்தென்று விழுந்தது. "எனக்குப் பாயின்ட்!" என்று குதித்தார். எனக்கு வந்ததே கோபம்!

"அதெப்படிண்ணே? தூண் எல்லாப் பங்காளிக்கும் பொது. பொதுச் சொத்தை வச்சு நீங்க மட்டும் எப்படி ஜெயிப்பீக?"

அண்ணன் ஷட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு, "சரித்தா, திரும்பப் போடு" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். தூணில் பட்டால் யாருக்கும் பாயின்ட் கிடையாது. திரும்பப் போட வேண்டும். சட்டம் போட்ட எனக்கு அப்போது வயது பதினாறு. அதற்குப் பிறகு கல்யாணம், திருப்பத்தூர்க் குடித்தனம், பிள்ளைகள், வாரா வாரம் உங்களோடு இந்த அரட்டை... சட்டத்தை நான் மறந்தே போனேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஒரே ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். இனி அங்கே வேலை பார்க்க பெர்மிட் இல்லையாம். அவரோடு எத்தனையோ பேர் அப்படித் திரும்பினார்கள். ஆனால் மற்றவர்கள் ஒரு மாதம் புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். அண்ணன் புலம்பவில்லை. பேச்சையே குறைத்துக்கொண்டார். பேட் இரண்டையும் தன் அறைச் சுவரில் மாட்டியவர்தான், மறுபடி தொடவில்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

"இருபது வருஷம், மீனா. இங்குட்டு ஒரு கல்யாணம் காட்சிக்கு நான் நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. பெத்த அப்பச்சி போனப்பக்கூடக் கப்பல்லதான் இருந்தேன். சரி, அங்குட்டாச்சும் எதையாச்சும் விட்டுட்டு வந்தேனா? சொக்கலிங்கம்னு ஒருத்தன் இருந்தான்கிறதுக்கு ஒரு தடம் இருக்கா? சொல்லு."

வாரா வாரம் பக்கத்தை நிரப்புகிறவள் நான். அன்றைக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். திருப்பத்தூர் பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வந்தேன்.

போன சனிக்கிழமை அண்ணமிண்டியிடமிருந்து ஆள் வந்தது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 'ஈப்போவிலேருந்து விருந்தாளி வந்திருக்காக. உங்க அண்ணன் ரெண்டு வார்த்தை பேசிட்டு உள்ளே போய் உக்காந்துக்கிட்டாக. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. உடனே வாங்க.'

மறுநாள் காலை முதல் பஸ். உள்ளே நுழைந்தால், வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சீனர் எழுந்து கைகூப்பினார்.

"வாங்க வாங்க! நல்லா இருக்கீகளா? பஸ்ஸுல கூட்டமா?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், காரைக்குடிக் கடைவீதிக்காரர் என்றுதான் சத்தியம் செய்வீர்கள்! பெயர் ஆ செங். கிட்டங்கிக்கு அடுத்த கட்டடத்தில் காப்பிக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஆட்களுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தே தமிழ் கற்றுக்கொண்டவர். மெட்ராஸுக்கு வியாபார விஷயமாக வந்தவர், அண்ணனைப் பார்க்காமல் திரும்ப மனசு வராமல் ரயிலேறி வந்திருக்கிறார். கூடவே மகள் மே லின். அவளுக்குத் தமிழ் தெரியாது. வெள்ளைப் பணியாரத்தை மென்றுகொண்டே எங்கள் தூண்களை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்தவள், திறந்திருந்த அறைக்குள் சுவரில் தொங்கிய பேட்டைப் பார்த்துவிட்டாள். கண் விரிந்தது. என்னைப் பார்த்துக் கையால் அடித்துக் காட்டினாள் — ஆடலாமா?

அண்ணன் அறைக்குள்ளிருந்தே, "நரம்பெல்லாம் தளர்ந்து போச்சு. அதை வச்சு ஆட முடியாது" என்றார். எழுந்திருக்கவில்லை.

எனக்கா பிடிவாதம் இல்லை? நேரே போய் இரண்டையும் கழற்றி எடுத்து வந்தேன். ஷட்டிலுக்கு எங்கே போவது என்று யோசிப்பதற்குள் அவள் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ஊர் விட்டு ஊர் வந்த பெண், பையில் ஷட்டிலோடு வந்திருக்கிறாள்!

அண்ணமிண்டி கொடியில் சேலையைப் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். முதல் ஐந்து பாயின்ட் அவளுக்கு. எனக்கு மூச்சு வாங்கியது. ஆறாவதில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி... தூணில் பட்டு, திரும்பி, அவள் பக்கம் விழுந்தது.

"எனக்குப் பாயின்ட்!" என்று குதித்தேன்.

அவள் குதிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். தூணைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், படபடவென்று எதையோ பொரிந்து தள்ளினாள். ஆ செங் சிரிப்பை அடக்க முடியாமல் மொழிபெயர்த்தார்.

"அழுகுணி ஆட்டம் ஆடுறீகளாம். தூண் எல்லாருக்கும் பொதுவாம். அதை வச்சு ஒருத்தர் மட்டும் ஜெயிக்கக் கூடாதாம். திரும்பப் போடச் சொல்றா."

பேட்டை இறக்கிவிட்டு ஆ செங் பக்கம் திரும்பினேன்.

"இதை... இவளுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம்மா, பிள்ளைக ஆடுறதைப் பார்த்தே படிச்சுக்கும். எங்க சந்து நடுவுல ஒரு விளக்குக் கம்பம் இருக்கு. அதுல பட்டா இதுதான் சட்டம். அடுத்த தெருவுல ஒரு மாமரம், அதுக்கும் இதேதான். சீனப் பிள்ளைக, மலாய்ப் பிள்ளைக, தமிழ்ப் பிள்ளைக எல்லாம் இப்படித்தான் ஆடுது. உலகம் பூரா ஷட்டில்னா இதுதான் சட்டம்னு நினைச்சுக்கிட்டிருக்கு! ஆரம்பத்துல கொண்டாந்தது நம்ம அண்ணன்தான்."

யோசித்துப் பாருங்கள். இந்த ஆட்டமே நம் பூனாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிப் பழகியது என்கிறார்கள். அவர்களோடு சீமைக்குப் போய், அங்கே பெயர் வாங்கி, மலேயாவுக்கு வந்து, ஈப்போ சந்தில் நுழைந்து, அண்ணன் பெட்டியில் ஏறிக் காரைக்குடிக்கு வந்தது. இங்கே ஒரு பதினாறு வயதுப் பெண் கோபத்தில் ஒரு சட்டம் போட்டாள். அதையும் ஏற்றிக்கொண்டு மறுபடி கடல் தாண்டிவிட்டது! நான் பார்த்தே இராத தெருவில், எனக்குப் பெயர் தெரியாத பிள்ளைகள், எங்கள் நாலு பங்காளி வீட்டு நியாயப்படி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மனிதனிடம் பாஸ்போர்ட் கேட்கிறார்கள், பெர்மிட் கேட்கிறார்கள். ஆட்டத்தை எந்தத் துறைமுகத்தில் யார் நிறுத்தினார்கள்?

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னமும் அப்படித்தான் ஆடுறாகளா, ஆ செங்?"

"ஆமாண்ணே."

"என் பேரு... யாருக்காச்சும் தெரியுமா?"

ஒரு பொய் சொல்லக் கூடாதா இந்த மனுஷன்? சொல்லவில்லை. "பேரு தெரியாதுண்ணே. சட்டம்தான் தெரியும்."

அண்ணன் இறங்கி வந்து அந்தத் தூணைத் தட்டிப் பார்த்தார். பிறகு — நாலு வருஷத்துக்குப் பிறகு — வாய் விட்டுச் சிரித்தார்.

"பேரு எதுக்குப்பா? போட்ட மகராசிக்கே அந்தச் சட்டம் மறந்துபோச்சு!" என்று என்னைக் காட்டினார். "பிள்ளை சொல்றதுதான் சரி, மீனா. தள்ளு. நான் போடுறேன்."

தளர்ந்த நரம்போடு என் கையிலிருந்த பேட்டை வாங்கிக்கொண்டார். அண்ணமிண்டி அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டு நின்று பார்த்தார். பணியாரம் தீய்ந்தது. யாரும் கவலைப்படவில்லை.

யார் ஜெயித்தது என்றுதானே கேட்கிறீர்கள்? கடைசிப் பந்து தூணில் பட்டுவிட்டது. ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. மிச்சத்தை ஈப்போவுக்கு வந்து போடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் மே லின்.

பேட்டுக்குப் புது நரம்பு கட்ட நேற்று அண்ணன் மதுரைக்குப் போயிருக்கிறார் — குடையை மறந்துவிட்டுத்தான்!