ஷைஸ்தாவின் சீப்புப் பலகை

2024 ஜூலை 11, வியாழக்கிழமை. விடியலில் ஓங்கிப் பெய்த மழை, நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது தூறலாகத் தேய்ந்திருந்தது. காற்றில் ஈரம் மட்டும் குறையவில்லை. தாராவி தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், தகரக் கூரையின் கீழ் இயங்கும் மரப்பட்டறைக்கு நான் சென்றபோது அறுப்பு இயந்திரம் ஓடவில்லை. அதை வாங்கிச் செல்லச் சீத்தா கேம்ப் பகுதியிலிருந்து அம்மார் பாய் பிற்பகலில் டெம்போவுடன் வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் அந்த விற்பனையை நிறுத்திவிட வேண்டும் என்று ஷைஸ்தா உறுதி பூண்டிருந்தார்.

ஷைஸ்தாவின் குடும்பத்தினர் மேலப்பாளையத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது தாராவியில். படித்தது நான் பணியாற்றிய தமிழ்ப் பள்ளியில். தந்தை மறைந்தபின், அண்ணன் ஜஹாங்கீரும் அவரும் சேர்ந்து பட்டறையை நடத்துகின்றனர். படச்சட்டங்களுக்கான மரப்பட்டிகளும், குர்ஆனை விரித்து வைத்து ஓதுவதற்கான மடக்குப் பலகைகளும் அங்கே உருவாகின்றன. மாட்டுங்கா வீடுகளின் பூசையறைகளில் முருகனையும் அம்பாளையும் சுற்றி நிற்கும் சட்டங்கள் பல, ஷைஸ்தா வடிவமைத்தவை. எங்கள் தமிழ்ச் சங்க நூலகத்துப் படங்களுக்கும் அவரே சட்டம் அமைத்தார். நான்கு மூலைகளில் ஒன்றிலேனும் விரல்நகம் நுழையும் இடைவெளி உண்டா என்று நான் தடவிப் பார்த்திருக்கிறேன், இல்லை.

அத்தகைய பட்டறையில் இயந்திரத்தை விற்கும் எண்ணம் எழுந்ததற்குக் காரணம் உண்டு. இப்பகுதியில் மரம் அறுக்கும் முறை இது: வலக்கை கட்டையைத் தள்ளும், கட்டை நேராகச் செல்வதற்காகப் பொருத்தியிருக்கும் ‘கைடு’ என்ற தடுப்புடன் இடக்கை அதைச் சேர்த்து அழுத்தும், எதிர்ப்புறத்தில் இன்னொருவர் நின்று, அறுபட்டு வரும் பட்டியை இழுப்பார். சென்ற மழைக்காலத்தில், ஈரம் ஊறிய கட்டை ஒன்று ரம்பத்தைக் கவ்விப் பின்னால் உதைத்தது. அழுத்திக்கொண்டிருந்த ஜஹாங்கீரின் இடக்கை வழுக்கி ரம்பத்தில் பட்டது. இரு விரல்களின் நுனிகள் போயின. அதன்பின் அவர் அந்த இயந்திரத்தின் அருகே நிற்கவும் விரும்பவில்லை. தங்கையை நிற்கவிடவும் விரும்பவில்லை. பட்டிகளை வெளியே அறுத்து வாங்கி, ஒட்டி, மெருகிட்டு விற்றால் போதும் என்றார்.

ஷைஸ்தாவுக்கு அது போதாது. பிறர் அறுத்துத் தரும் பட்டியை ஒட்டுவதெனில் தாம் வரையும் வடிவங்கள் தாளிலேயே நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த இயந்திரம் போனால் அவருடைய தொழிலின் பாதி போய்விடும்.

ஒரு மாதத்துக்கு முன் நிகழ்ந்த வாக்குவாதத்தின் முடிவில் ஜஹாங்கீர், நடவாத காரியம் என்ற நம்பிக்கையில், ஒரு நிபந்தனை விதித்தார்.

“இடது கை மெஷின் மேல வராம ஒரு முழுப் பட்டி அறுத்துக் காட்டுளா. அப்புறம் பாப்போம்.”

ஷைஸ்தா கைப்பேசியில் தேடி, ஃபெதர்போர்டு என்ற ஒரு துணைக்கருவியைக் கண்டறிந்தார். அது சிறிய பலகை; ஒரு முனை சாய்வாக வெட்டப்பட்டு, சீப்புப் பற்களைப் போலப் பிளவுகள் இடப்பட்டிருக்கும். அப்பற்கள் கட்டையைக் கைடுடன் அழுத்தும். கட்டை முன்னே செல்லும்போது வளைந்து வழிவிடும். பின்வாங்க முயன்றாலோ குத்திட்டு நின்று தடுத்துவிடும். ஜஹாங்கீரின் மனைவி ஷமீமா அதைக் ‘கங்கி’ என்றார். சீப்புக்கு மும்பை இந்தியில் அதுதான் பெயர். பட்டறையில் அப்பெயரே நிலைத்தது.

கடைகளில் அது பல வகைகளில் கிடைக்கிறது. எதைத் தெரிவு செய்வது? இயந்திரத்தின் மேற்பரப்பு உலோகத் தகடு என்பதால், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் நிற வகையை ஷைஸ்தா தருவித்தார். மேசையில் வைத்தார், அது பனிக்கட்டிபோல் வழுக்கிச் சென்றது. குனிந்து தகட்டை ஆராய்ந்தபோதுதான் நினைவு வந்தது. மாட்டுங்காவில் மூடப்பட்ட ஓர் உணவகத்தின் அடுக்களை மேடையைப் பழைய சாமான் கடையில் வாங்கி, அவருடைய தந்தை அந்த இயந்திரத்துக்கு மேற்பரப்பாகப் பொருத்தியிருந்தார். எவர்சில்வர் குடத்தில் காந்தம் ஒட்டாது என்பதை அந்த வீட்டில் அறியாதவர் இல்லை. ஆயினும், இத்தனை ஆண்டுகளாக மரம் அறுத்த மேசை எவர்சில்வர் என்று ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஷமீமா விழுந்து விழுந்து சிரித்தார். “யா அல்லா, இவ்வளவு நாளும் இட்லிக் கொப்பறை மேலயா மெஷின் ஓட்டுனோம்!”

“சிரிங்க மதினி, சிரிங்க. இத உங்க பீரோவுல ஒட்டி துப்பட்டா தொங்க விடுங்க” என்றார் ஷைஸ்தா. அது இன்றும் அப்பணியைச் செவ்வனே செய்கிறது.

மேசையின் பள்ளத்தில் பொருந்தும் வகையும் உதவாது. அந்த மேசையில் பள்ளமே இல்லை. எஞ்சியது, தாமே செய்துகொள்ளும் மரப்பலகை. முதலில் மீந்து கிடந்த பிளைவுட்டில் செய்தார். அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்தவை. வளைத்துப் பார்த்ததும் பற்கள் பிஸ்கட்டைப்போல் ஒடிந்தன. பிறகு, இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்தின் தேக்கு ஜன்னல் சட்டத்திலிருந்து, இழை நீளவாக்கில் நேராக ஓடும் துண்டு ஒன்றைப் பொறுக்கினார். கைரம்பத்தால் பிளவுகளை இட்டார். பல் தடித்தால் வளையாது, மெலிந்தால் ஒடியும். இரண்டுக்கும் நடுவிலான பருமனை அடைவதற்குள் மூன்று பலகைகள் அடுப்புக்குப் போயின.

நான்காவது பலகையுடன்தான் அந்த வியாழக்கிழமை அவர் இயந்திரத்தின் முன் நின்றார். கூந்தலை இறுக முடிந்து, துப்பட்டாவைக் கழற்றி வைத்து, மேலங்கி அணிந்திருந்தார். பலகையை மேசையின் விளிம்போடு இரண்டு கிளாம்புகளால் முடுக்கினார். ஒன்று மட்டுமே இருந்தால் பலகை சுழன்றுவிடும்.

வாசலில் நின்ற ஜஹாங்கீருக்குப் பொறுக்கவில்லை.

“தப்பான எடத்துல வச்சிருக்க. பிளேடுக்கு நேரா வை. அங்கதானே உதைக்கும்?”

“நேரா வச்சா, அறுந்த பட்டியப் போட்டு பிளேடு மேலயே நெரிக்கும் காக்கா. பிளேடுக்கு முன்னாலயே அமுக்கிறணும். தாண்டிட்டா அமுக்கவே கூடாது” என்றார் ஷைஸ்தா. அண்ணனை அவர் ‘காக்கா’ என்றே அழைப்பார்.

ஜஹாங்கீர் மெல்ல உள்ளே வந்து, ரம்பத்தின் பக்கத்தில் தமது இடக்கையை, அன்று வைத்திருந்த விதமாகவே, சற்றுத் தொலைவில் நிறுத்திப் பார்த்தார்.

“அன்னிக்கு நான் இங்கதாம்ளா அமுக்குனேன்” என்றார்.

“தெரியும் காக்கா. நான்தானே எதுத்தாப்புல நின்னு இழுத்தேன்.”

பிறகு ஷைஸ்தா, இயந்திரத்தை ஓடவிடாமலே, ஒரு கட்டையைப் பற்களுக்கும் கைடுக்கும் இடையே நுழைத்து முன்னே தள்ளினார். “இப்ப பின்னால இழுத்துப் பாரு.” ஜஹாங்கீர் வலக்கையால் இழுத்தார், காலை ஊன்றி மீண்டும் இழுத்தார். கட்டை அசையவில்லை.

“என்ன, மாடு கட்டி இழுக்கணுமோ?” என்றார் ஷமீமா. ஜஹாங்கீர் முறைத்தார், ஆனால் வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஷைஸ்தா இடக்கையை முதுகின் பின்னே வைத்துக்கொண்டு வலக்கையால் தள்ளினார். கட்டையின் கால்பங்கு அறுபட்டிருக்கும். மோட்டாரின் ஒலி தடித்தது. ஈரக் கட்டை ரம்பத்தைக் கவ்வத் தொடங்கியிருந்தது. ஒருமுறை அது பின்னே துள்ள முயன்றது. தேக்குப் பற்கள் விடவில்லை. ஷைஸ்தா உடனே கால் விசையால் இயந்திரத்தை நிறுத்தினார். ரம்பம் முற்றிலும் ஓயும்வரை காத்திருந்து, கிளாம்புகளைத் தளர்த்தி, கட்டையை வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்தார்.

“ஏன் எடுத்துட்ட? இன்னும் கொஞ்சம் தள்ளுனா போயிருக்கும்லா?” என்று பதறினார் ஷமீமா. “டெம்போ வந்துரும் பிள்ள!”

“வரட்டும் மதினி. இது ஈரக் கட்ட. இன்னிக்கி இத அறுக்க மாட்டேன்.”

அடுக்கின் நடுவிலிருந்து வேறொரு கட்டையை உருவி, கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சியைச் சோதித்து, நீளத்தைக் கண்ணருகே பிடித்துக் கோணல் பார்த்தார். அதன் அகலத்துக்கு ஏற்பப் பலகையை மீண்டும் பொருத்தி, பற்கள் சற்றே வளையும் அளவுக்கு நெருக்கி முடுக்கினார். எதிலும் அவசரமில்லை. ஜஹாங்கீரின் கண்கள் இப்போது இயந்திரத்தை விட்டுத் தங்கையின் முகத்தில் நிலைத்திருந்தன. அவர் விரல்களை இழந்தது முரட்டு வேலையால் அல்ல. நேரமாகிறதே என்ற எண்ணத்தால். ஈரம் என்று அறிந்தும் அன்று அவர் கட்டையைத் தள்ளியிருந்தார்.

இம்முறை ரம்பத்தின் ஒலி மாறவேயில்லை. கடைசிச் சாண் நீளத்தை ஷைஸ்தா தள்ளுகோலால் தள்ளினார். எதிர்ப்புறம் ஷமீமாவின் கையில் முழுப் பட்டி வந்து சேர்ந்தது. ஷைஸ்தாவின் இடக்கை முதுகின் பின்னேயே இருந்தது.

ஜஹாங்கீர் பட்டியை வாங்கி, குறைந்த விரல்களால் அதன் விளிம்பை முனைமுதல் முனைவரை தடவினார். கூரைச் சட்டத்தோடு அதைச் சேர்த்துப் பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று தேடினார். என்னிடமும் நீட்டினார். “பாருங்க சார்” என்றார். நான் ஆண்டு விழாக்களில் எத்தனையோ பெற்றோரின் முகங்களைப் பார்த்திருக்கிறேன். பரிசு பெறும் பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும்போது அவர்களிடம் தோன்றும் நிமிர்வு, அப்போது அவரிடம் தோன்றியது.

அந்நேரத்தில்தான் அம்மார் பாய் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். டெம்போ சந்தின் முனையில் நின்றிருந்தது.

“என்ன ஜஹாங்கீரு, தூக்கிரலாமா? மழ மறுபடி பிடிக்கப் போவுது.”

“மெஷின் ஓட்டுறவ அவ. அவகிட்டக் கேளுங்க பாய்” என்றார் ஜஹாங்கீர்.

அம்மார் பாய் வியப்புடன் ஷைஸ்தாவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மெஷினக் குடுக்கியா?”

“இல்ல பாய். குடுக்கல.”