வண்டியை விற்க வந்த ஞாயிற்றுக்கிழமை

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நான் முதலில் தேடியது காலில் இருந்த வலியைத்தான். அது இல்லை. மாதக்கணக்காக இடுப்பிலிருந்து பாதம்வரை சுண்டி இழுத்த வலி போயே போய்விட்டது. "கால் வலிக்கலங்க" என்று கணவரிடம் சொல்லி அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையல் பிரிக்கும்வரைதான் அந்தச் சந்தோஷம். பிறகு முதுகு வலிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பில் யாரோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனக்கும். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கும்மா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். படம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. விடுப்பு முடிந்து போனதும் பக்கத்து மேசைக்காரர், "ஆபரேஷனே பண்ணியாச்சு, இன்னுமா வலிக்குது?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அன்று மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வீட்டிலோ நான் கண்ணாடிச் சாமான். கணவர் ஒரு குடத்தைக்கூடத் தொட விடமாட்டார். கல்லூரி நாளிலிருந்து ஸ்கூட்டர் ஓட்டிய நான், எங்கள் வீடு இருக்கும் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து அலுவலகத்துக்கு ஆட்டோவில் போய் வந்தேன்.

அப்போதுதான் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே பயிற்சி கொடுத்த பெண் என்னைவிட இளையவர். தரையில் படுத்து எழுந்திருக்கச் சொன்னார். பயமாக இருக்கிறது என்றேன்.

"வலிக்கிறதெல்லாம் ஆபத்து இல்லக்கா. பயந்துக்கிட்டு அசையாமலே இருந்தா இடுப்புக்கு எப்படிப் பலம் வரும்?" என்றார்.

அவர் சொன்ன பயிற்சிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். விடிந்ததும் பல்கலைக்கழகப் பக்கம் நடந்தேன். சில நாள் பாதியிலேயே திரும்பினேன். பயிற்சியே வேண்டாம் என்று பாயைச் சுருட்டி மூலையில் வைத்த வாரங்களும் உண்டு. மழைக்காலம் முடியும்போதுதான், குனிந்து வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பிடிமானத்துக்குச் சுவரைத் தேடாததைக் கவனித்தேன்.

அது கணவர் கண்ணில் படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பரை அழைத்து வந்தார். என் ஸ்கூட்டரை வாங்குவதற்காக.

"சும்மாதான் நிக்குது மாப்ள. இவளால இனிமே ஓட்ட முடியாது" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விற்க நானும் சம்மதித்திருந்தேன். ஆனால் 'இனிமே' என்ற சொல் காதில் விழுந்ததும் என்னவோ செய்தது. ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார் நண்பர். சாவி என் கையில் இருந்தது.

"நானே காட்டுறேண்ணே" என்று ஏறி உட்கார்ந்தேன்.

"ஏய், குலுங்கும்! எறங்கு!" என்றார் கணவர்.

"தெருமுனை வரைக்கும்தான்."

முனையிலிருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது இடுப்பில் சுரீரென்றது. பெரிதாகப்போகிறது என்று காத்திருந்தேன். பெரிதாகவில்லை. கூடவே வந்தது, அவ்வளவுதான். முனையில் திரும்பாமல் பெரிய சாலைக்கே போய்விட்டேன். எதிர்க்காற்றில் முந்தானை படபடத்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் போன பால்காரர் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது கணவர் நடுத்தெருவில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. வண்டி குடுக்கிறதா இல்ல" என்றேன் நண்பரிடம்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீ ஏறி உக்காந்தப்பவே தெரிஞ்சு போச்சு தங்கச்சி."

"வலிச்சுச்சா?" என்று கேட்டார் கணவர்.

"வலிச்சுச்சு. அதுக்கென்ன?"

மறுவாரமே அலுவலகத்துக்கு வண்டியில் போனேன். பாதி வழியில், காளவாசலில் நிறுத்தி, இறங்கி, நாலு பேர் பார்க்க இடுப்பை வளைத்து நிமிர்ந்துவிட்டு மறுபடி ஏறினேன். வலி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நீண்ட கூட்டங்களில் எழுந்து பின்சுவரோரம் நின்றுகொள்கிறேன். மேலதிகாரி இருந்தாலும் நிற்கிறேன்.

போன தை மாதம் எங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போனோம். கணவரைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் ஓட்டினேன். திரும்பும்போது மடி நிறைய மல்லிகைப் பையை அணைத்துக்கொண்டு, "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று கத்திக்கொண்டே வந்தார். முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்து அதை முந்தினேன்.