மலைக்கு எழுதிய விளம்பரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதுவது என் பிழைப்பு. தோலில் முள் கீறிய தழும்பு இருந்தால் நாங்கள் மறைப்பதில்லை. ‘இயற்கை தந்த தனி அடையாளம்’ என்று எழுதிவிடுவோம். வாங்குகிறவர் அதைத் தடவிப் பார்த்துப் பூரிப்பார். மாட்டின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. இருபது வருடம் இதையே செய்தவனுக்கு எந்தக் காயத்தைப் பார்த்தாலும் அடையாளமாகத்தான் தெரியும்.

பெருமழையில் ஏலகிரி மலைப்பாதையின் ஒரு வளைவில் மண் சரிந்தது. பாதையைச் சரிசெய்த பிறகும் மாதக்கணக்கில் யாரும் மலையேறவில்லை. மேலே காட்டேஜ் நடத்தும் நண்பர் என்னிடம் வந்தார்.

“இன்னா தோஸ்த், சனி ஞாயிறுகூட ரூமெல்லாம் காலி. செருப்புக்கே அப்படி எழுதுறீங்க, மலைக்கு எழுத மாட்டீங்களா?”

“மலைக்கு சைஸ் ஜாஸ்தி பாய்.”

“கலாய்க்காதீங்க. நானே பேஜார்ல இருக்கேன்.”

போனேன். சரிந்த இடத்தைப் படமெடுத்தேன். சிவப்பு மண், நடுவில் பெரிய பாறை, பின்னால் மேகம். கீழே ஒரு வரி: ‘உங்களுக்கு இடம் விட, மலை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.’ எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

இரண்டே நாளில் எல்லார் போனிலும் அது ஓடியது. பெங்களூர்க் கார்கள் வந்தன. நண்பர் பிரியாணியோடு வந்தார்.

“ரூம் ஃபுல்லு! அந்த வளைவுல பலாச்சுளை விக்கிற அம்மா உங்களப் பாக்கணும்ன்றாங்க.”

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.

“நீங்கதானா எழுதுனது? நல்லாத்தான் இருக்குது சார். மலை நகந்து உக்காந்தது எங்க வூட்டு மேலதான்.”

அன்று குடும்பமே நாட்றம்பள்ளியில் மகள் வீட்டில் இருந்ததால் உயிர் தப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. என் படத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்ட் படி தெரிவதை அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.

“விளம்பரத்தை எடுத்துடறேம்மா” என்றேன், பெரிய தியாகியின் குரலில்.

“ஐயோ, எடுத்துடாதீங்க! இப்பதான் நாலு சுளை விக்குது. அந்தப் படிய மட்டும் மறைச்சுடுங்க. வர்றவங்க போன்ல பாத்துக் கண்டுபுடிச்சு, ஷூவோட அதும்மேல ஏறி நின்னு போட்டோ எடுக்குறாங்க. வெள்ளிக்கிழமையானா மஞ்சள் பூசுன வாசப்படி சார்.”

அந்த ஷூக்களில் சிலவற்றுக்கும் நானே எழுதியிருக்கலாம்.

அன்றே படத்தில் படி தெரிந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதை ஒருவரும் சீண்டவில்லை. பழையதுதான் ஊர் ஊராகச் சுற்றியது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். சாலையின் எதிர்ப்பக்கம் நல்ல மர நிழல். அவரோ உச்சி வெயிலில், படியின் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்து சுளை உரித்துக்கொண்டிருந்தார். நிழலில் உட்காரலாமே என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

“சாப்பிடப் போனாக்கூட முழுப் பழத்த இதும்மேல வச்சுட்டுத்தான் போறேன்” என்றார். “முள்ளு மேல எவன் ஏறுவான்?”

ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய ஜோடி போனையும் படியையும் மாறி மாறிப் பார்த்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

“சுளை வாங்கிக்கோங்க, தேன் மாதிரி இருக்கும்” என்றார்.

நான் பழம் பொறுக்குகிற பாவனையில் குனிந்தவன், கார் கிளம்பும்வரை நிமிரவில்லை.