ஒரே ஒரு ரிங்

அவர் வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். ரோமிங்கில் போனை எடுத்தால் காசு கரையுமே என்று மனைவியோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மத்தியானம் அவள் ஒரு ரிங் விட்டு வைத்தால் வீட்டில் எல்லாரும் சுகம், எடுக்க வேண்டாம்.

ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "கட் பண்ண மறந்துட்டா மகராசி" என்று முனகி, கிரீஸ் கையால் அவரே துண்டித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசியாகக் கூப்பிட்டது அது என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்தது. மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா போன்ல அடிச்சது நீயாம்மா?"

"இல்லப்பா. அது சார்ஜ் இல்லாம பீரோவுல கிடக்கு."

இப்போதெல்லாம் மத்தியானம் போனைக் கையில் பிடித்தபடியே நிற்கிறார். விரல் படுவதற்குள் மணி நின்றுவிடுகிறது. ஒரே ரிங். வீட்டில் எல்லாரும் சுகம்.